லண்டன் இல்லை, லக்சம்பேர்க்

கிறிஸ்ரினா செத்த அன்று அமிர்தநாதர் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். ஆஸ்பத்திரி நேர்ஸ் வந்து மோதிரத்தைக் கழற்றட்டா என்று கேட்டாள், ஓம். பெட்டியைத் திறந்து வைக்கிறதோ மூடி வைக்கிறதோ என்று கேட்டார்கள், அதற்கும் ஓம். "அப்பா, அது யெஸ் ஓர் நோ கொஸ்ரின் இல்லை" என்று மகள் மெலனி மெதுவாகச் சொன்னாள். அதற்கும் ஓம் என்றார்.

பின்னேரம் மரண அறிவித்தல் போடுகிற இடத்திலிருந்து ஒருவர் போன் எடுத்தார். நல்ல மரியாதையான ஆள். பிறப்பிடம் நாரந்தனை, எழுதிக்கொண்டார். வதிவிடம் ஸ்காபரோ, எழுதிக்கொண்டார்.

"இடையிலை வேறை எங்கையும் இருந்தவவோ அண்ணை?"

"லக்..." என்று தொடங்கினார் அமிர்தநாதர். மிச்சம் வரவில்லை.

"லண்டனோ அண்ணை?"

"ஓம்."

அரை மணித்தியாலத்தில் அறிவித்தல் இன்ரநெற்றில் ஏறிவிட்டது. 'யாழ். நாரந்தனையைப் பிறப்பிடமாகவும், லண்டனை முன்னாள் வதிவிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட கிறிஸ்ரினா அமிர்தநாதர்...' அடுத்த நாள் காலமை ரேடியோவிலும் வாசித்தார்கள். சிட்னியிலிருந்து ஒஸ்லோ வரை சனம் பார்த்தது, பூப்படம் போட்டது, ஆழ்ந்த அனுதாபம் சொன்னது. ஒருத்தரும் பிழை பிடிக்கவில்லை. பிடிக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டா.

உது என்ன பெரிய பிழை, ஒரு ஊர்ப்பேர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். கிறிஸ்ரினாவை உங்களுக்குத் தெரியாது. அதுதான் சொல்லவேண்டி இருக்கிறது.

அவ இருந்தது லக்சம்பேர்க்கில். எண்பத்தெட்டாம் ஆண்டு, இருபத்து நாலு வயதில் போனவ. அஞ்சரை வருசம், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்தா, பிறகு குசினியில் நின்றா. கனடாவில் முப்பது வருசம் அதே வேலைதான், வோபர்னில் வீட்டுக்குக் கிட்ட இருந்த நேர்சிங் ஹோமில். ஆனால் ஆராவது "நீங்கள் முந்தி லண்டனிலை என்ன?" என்று கேட்டால் கையில் இருக்கிற கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லுவா.

"லண்டன் இல்லை. லக்சம்பேர்க்."

"அதெங்கை கிடக்கு?"

"ஜேர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் மூண்டுக்கும் நடுவிலை. யூரோவிஷனிலை அஞ்சு தரம் வெண்ட நாடு."

கேட்ட ஆளுக்கு அதோடு போதும் என்றாகிவிடும். ஆனால் கிறிஸ்ரினா விடமாட்டா. ஐரோப்பா நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பி, ஒருத்தருக்கொருத்தர் புள்ளி போடுகிற போட்டி அது. ஐம்பத்தாறாம் ஆண்டு முதல் போட்டி நடந்தபோது வந்த ஏழு நாட்டில் லக்சம்பேர்க்கும் ஒன்று. அறுபத்தொன்று, அறுபத்தைந்து, எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று, எண்பத்துமூன்று என்று அஞ்சு வெற்றி. "அஞ்சிலையும் பாடினது அந்த ஊர்ப் பிள்ளையள் இல்லை. நாலு பேர் பிரான்ஸ், ஒராள் கிரீஸ். வெளியாலை இருந்து வந்தவைதான் அந்த நாட்டுக்குப் பேர் எடுத்துக் குடுத்தவை" என்று, ஏதோ தானும் அதில் ஒராள் மாதிரிச் சொல்லுவா.

இதெல்லாம் அவவுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த இல்லத்தில் இருந்த வேபர் மடம் என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிட்ட தொண்ணூறு வயதுக் கிழவி. யூரோவிஷன் நடக்கும் இரவு எல்லாக் கிழவிகளும் ரீவி அறையில் கதிரை போட்டு இருப்பார்களாம், கிறிஸ்ரினாவும் ஏப்பிரனைக் கழற்றாமல் பின்னால் நிற்பாவாம். வேபர் மடம் மற்ற நாட்களிலும் புள்ளி போடுகிற ஆள். சூப்புக்குப் புள்ளி, தலையணை உறைக்குப் புள்ளி. அந்தப் பழக்கம் கிறிஸ்ரினாவுக்கும் தொற்றி, கப்பலேறாமல் பிளேனேறி ஸ்காபரோவுக்கும் வந்துவிட்டது. அமிர்தநாதர் தேத்தண்ணி போட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு "ஆறு" என்பா. காரை வடிவாகப் பார்க் பண்ணினால் "எட்டு." யூரோவிஷன் முறைப்படி எட்டுக்குப் பிறகு ஒன்பது கிடையாது, பத்துத்தான். பத்துக்குப் பிறகு பதினொன்றும் இல்லை, நேரே பன்னிரண்டு. மனுசன் முப்பது வருசத்தில் பன்னிரண்டைக் கண்டதே இல்லை. மெலனி பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குப் பத்து. பனிக்குள் வழி மாறிப் போனதற்கு இரண்டைக் கழித்தாவாம்.

இனி அமிர்தநாதர் செய்த காரியத்தையும் சொல்லவேணும். மனுசன் கெட்டவர் இல்லை. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் போர்க்லிஃப்ட் ஓடி, நாளுக்கு மூன்று மணித்தியாலம் ரோட்டில் கிடந்து குடும்பம் பார்த்தவர். ஆனால் ஆருக்கும் விளக்கம் சொல்லப் பஞ்சி. ஆராவது மனிசியைப் பற்றிக் கேட்டால் "லண்டனிலை இருந்தவ" என்று முடித்துவிடுவார். லண்டன் என்றால் ஒரு கேள்வியும் வராது. லக்சம்பேர்க் என்றால் பத்துக் கேள்வி வரும்.

ஒரு கலியாண வீட்டில் அவர் இப்படிச் சொன்னது பின்மேசையில் இருந்த கிறிஸ்ரினாவின் காதில் விழுந்துவிட்டது. காரில் வரும்போது கேட்டா.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"விடுமப்பா. லண்டன் எண்டே இருக்கட்டும். உந்த நாடு ஆருக்குத் தெரியும்?"

இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணிக்கு "பூச்சியம்" என்றா. பூச்சியம் போட்டது அந்த ஒரு தரம்தான். கோபமென்று நினைத்து அவர் சிரித்தார்.

அதனால்தான் அறிவித்தலில் லண்டன் என்று வந்ததை, "அந்தரத்திலை வாய் தவறிப்போச்சு" என்று மெலனி சமாளித்தபோது, அமிர்தநாதருக்கு அது முழுக்க உண்மையில்லை என்று தெரிந்தது. வாய் தவறவில்லை. முப்பது வருசம் பழகின வாய்.

ஆனாலும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. செத்தவீட்டில் அழவில்லை. பெட்டி மூடும்போது அழவில்லை. "கல்லுப்போலை நிக்கிறார்" என்று கோயில் சனம் கதைத்தது. கல்லும் இல்லை. பல்லுப் பிடுங்கும்போது விறைக்க ஊசி போட்டால் கன்னம் எப்படி இருக்கும், அப்படித்தான் முழு ஆளும் இருந்தார். கை பட்டால் தெரிகிறது, ஆனால் தன்னுடையது மாதிரி இல்லை. காலமை எழும்பினார், இரண்டு கோப்பைத் தேத்தண்ணி போட்டார், ஒன்றைச் சிங்கில் ஊற்றினார். நாளுக்கு நாள் அதேதான்.

கிறிஸ்ரினா போனது ஏப்ரல் பதினோராம் தேதி. முப்பத்தோராம் நாள் மே பதினொன்று, சனிக்கிழமை. கோயிலில் நினைவுத் திருப்பலி, பிறகு மண்டபத்தில் மதியபோசனம், வந்த ஆட்களுக்கு நினைவு மலர். எங்கள் சனத்துக்கு நினைவு மலர் இல்லாமல் முப்பத்தோராம் நாள் இல்லை. முன்பக்கம் படம், உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, செபம், கடைசிப் பக்கம் நன்றி நவிலல். அதை அச்சகம் வைத்திருக்கிற ஸ்ரீஸ்கந்தராசா அடித்துத் தருவதாகச் சொன்னார். இருபது வருசமாக இந்த வேலைதான் செய்கிற மனுசன். வாழ்க்கைக் குறிப்பை அறிவித்தலில் இருந்தே எடுத்துவிடலாம், நீங்கள் ஒன்றும் யோசிக்கவேண்டாம் என்றார். அமிர்தநாதர் ஓம் என்றார்.

ஏப்ரல் கடைசியில் மெலனி தான் இருக்கிற ரூஜ்ஜிலிருந்து வந்து தாயின் அலுமாரியை ஒதுக்கினாள். சீலைகளுக்கு அடியில் ஒரு நீலக் கொப்பி இருந்தது. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால் தகப்பனிடம் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மான்ரை ஹான்ட்ரைற்றிங். வட் டஸ் இற் ஸே?"

அவர் குசினி மேசையில் இருந்து முதல் பக்கத்தை வாசித்தார். சத்தமாக வாசித்தார், மெலனிக்காக.

'இண்டைக்குத்தான் தெரியும் இது லண்டன் இல்லை எண்டு. ஏஜென்சிக்காரன் ரெயில் ஸ்ரேசன் வாசலிலை இறக்கி, லண்டன் வந்திட்டுது தங்கச்சி, கொண்ணை வந்து கூட்டிக்கொண்டு போவார் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். ரண்டு நாள் அங்கை ஒரு மர வாங்கிலை இருந்தன். கறுத்தத் தலைமயிரோடை ஆர் வந்தாலும் அண்ணா எண்டு எழும்பி நிண்டன். தண்ணி பைப்பிலை குடிச்சன். மூண்டாம் நாள் ஒரு சிஸ்டர் வந்து என்னவோ கேட்டா. நான் லண்டன், லண்டன் எண்டன். அவ என்ரை கையைப் பிடிச்சு, மேலை ஸ்ரேசன் போர்டிலை எழுதியிருந்த பேரைக் காட்டினா. முதல் எழுத்து எல் சரியாத்தான் இருந்தது. மற்ற எழுத்துகளை ஒவ்வொண்டா வாசிச்சன். பேந்து அவவே சொல்லித் தந்தா. லக்சம்பேர்க்.'

ஏஜென்சிக்காரன் ஏமாற்றி நடுவழியில் விட்டது அமிர்தநாதருக்குத் தெரியும். அதைக் கூட்டாளிமாருக்குப் பகிடியாகச் சொல்லியும் இருக்கிறார். வாங்கில் இருந்த இரண்டு நாள் தெரியாது. அவ சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரோ என்பது வேறு கதை. லண்டன் என்பது ஏமாற்றினவன் சொன்ன பேர். லக்சம்பேர்க் என்பது கையைப் பிடித்தவ சொன்ன பேர். இதைத்தான் மனிசி முப்பது வருசமாகக் கோப்பையைக் கீழே வைத்துவைத்துச் சொன்னா.

மற்றப் பக்கங்களில் போட்டிக் கணக்கு. 1989, இருபதாம் இடம். 1990, பதின்மூன்று. 1991, பதின்னாலு. 1992, இருபத்தொன்று. 1993, இருபது, 'வேபர் மடம் அழுதா.' அதோடு சரி. புள்ளி குறைந்த நாடுகளை ஒரு வருசம் நிற்பாட்டி வைத்தார்கள், அதன்பிறகு லக்சம்பேர்க் தானாகவே வராமல் விட்டுவிட்டது. கிறிஸ்ரினா விடவில்லை. பள்ளிக்கூட வரவு இடாப்பு மாதிரி ஒவ்வொரு வருசமும் ஒரு வரி. 1994, வரேல்லை. 1995, வரேல்லை. 1996, வரேல்லை. பேனை மாறுகிறது, எழுத்துக் கொஞ்சம் நடுங்குகிறது, வரி மாறவில்லை. முப்பது வரேல்லை. கடைசியாக 2024 என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தா. முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு இந்த வருசம் அந்த நாடு திரும்பி வருகிறது. இறுதிப் போட்டி மே பதினொன்று. அவவின் முப்பத்தோராம் நாள்.

"ஷீ வோஸ் வெயிற்றிங் ஃபோர் திஸ்" என்றாள் மெலனி. "அப்பா, புக்கிலை லண்டன் எண்டு வரக்கூடாது."

"ஓம்" என்றார் அமிர்தநாதர். அன்று சொன்ன ஓம் மட்டும் ஓம்தான்.

அடுத்த நாளே மார்க்கம் ரோட்டில் இருந்த அச்சகத்துக்குப் போனார். ஸ்ரீஸ்கந்தராசா கட்டுக் கட்டாக மலர்களை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் கிறிஸ்ரினா சிரித்துக்கொண்டு இருந்தா. உள்ளே 'அன்னார் லண்டன் மாநகரில் வாழ்ந்த காலத்தில்' என்று கிடந்தது. அன்னார் என்ற ஆள் ஆரென்று அமிர்தநாதருக்கு விளங்கவில்லை.

"இதிலை ஒரு பிழை, தம்பி. லண்டன் இல்லை."

"அண்ணை, நோட்டீசிலையும் லண்டன். ரேடியோவிலையும் லண்டன். இப்ப மாத்தினா சனம் குழம்பும். அடிச்சும் முடிஞ்சுது. ஒரு சொல்லுத்தானே, விடுங்கோவன்."

விடுங்கோவன் என்ற சொல் அவருக்கு நல்லாகத் தெரிந்த சொல். "ஓம்" என்று வந்துவிட்டது வாயில். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்து, கதவைச் சாத்தி, ஸ்ரியரிங்கில் கை வைத்தபடி இருந்தார். பக்கத்துக் கடையில் சனம் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது. கடைசியில் இறங்கித் திரும்ப உள்ளே போனார்.

"தம்பி, அந்தச் சொல்லை மட்டும் சின்னச் சின்னத் துண்டாய் அடிச்சுத் தாரும். ஒட்டுறன்."

"நூற்றைம்பது புத்தகத்திலையோ அண்ணை?"

"நூற்றைம்பதிலையும்."

ஸ்ரீஸ்கந்தராசா அவரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கணினியில் இருந்தார். "எழுத்து என்னெண்டு போடுறது? எனக்கும் தெரியாது பாருங்கோ" என்று ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு அடித்தார்.

செவ்வாய்க்கிழமை மெலனி லீவு போட்டு வந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு அரையிறுதிப் போட்டி தொடங்கியது. லப்டொப்பை மேசைத் தலைப்பில் வைத்துவிட்டு இரண்டு பேரும் ஒட்டினார்கள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு இடம். லண்டனுக்கு மேல் லக்சம்பேர்க் நீளம் கூடின சொல், பக்கத்துச் சொல்லில் கொஞ்சம் ஏறி நின்றது. பரவாயில்லை என்று அமர்த்தி அமர்த்தி ஒட்டினார். நூற்றுச் சொச்சம் புத்தகம் முடிந்த நேரம், இறுதிக்குத் தெரிவான நாடுகளின் பேரை வாசித்தார்கள். லக்சம்பேர்க் என்று சொன்னதும் மெலனி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அமிர்தநாதர் அவளின் முதுகைத் தடவினார், மற்றக் கையால் அடுத்த புத்தகத்தை எடுத்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. வராதது அவருக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. நேர்சிங் ஹோமில் கூட வேலை செய்த பிலிப்பினோப் பெண்களும் வந்திருந்தார்கள். முன்வாங்கில் அமிர்தநாதர், மெலனி, மெலனியின் புருசன் லெஸ்லி. மடியில் ஒட்டுப்போட்ட மலர். பூசை தொடங்க முதல் சுவாமி, கிறிஸ்ரினாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவதாக ஒரு தாளை விரித்தார். புதுசாக வந்த சுவாமி, அவவை அறியாதவர். பாவம், இன்ரநெற்றில் இருந்ததை எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"நாரந்தனை மண்ணிலே பிறந்து, பின்னர் லண்டன் மாநகரிலே..."

மெலனி தகப்பனைப் பார்த்தாள். நூற்றைம்பதிலும் ஒட்டினோம், இந்தத் தாளை மறந்துவிட்டோம் என்று அந்தப் பார்வை சொன்னது. ஒரு சொல்லுத்தானே. பூசை நேரம். ஒருத்தரும் கவனிக்கப்போவதில்லை.

அமிர்தநாதர் மலரை வாங்கில் வைத்தார். வடிவாக, கவனமாக, கோப்பையைக் கீழே வைக்கிற மாதிரி வைத்தார். பிறகு எழும்பினார்.

"லண்டன் இல்லை, சுவாமி" என்றார். "லக்சம்பேர்க்."

சுவாமி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மன்னிக்கவேணும் ஐயா. லக்..."

"லக்சம்பேர்க். நான்தான் பிழையாச் சொன்னனான். இண்டைக்கு நேற்றில்லை, முப்பது வருசமாச் சொன்னனான். அவ ஒருநாளும் லண்டனிலை இருக்கேல்லை."

சுவாமி சொல்லைத் திருத்தி, முதலிலிருந்து திரும்ப வாசித்தார். அமிர்தநாதர் அது முடியும் மட்டும் நின்றுவிட்டுத்தான் இருந்தார். இனி மனுசன் உடைந்து அழுவார் என்று சனம் பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை. கிறிஸ்ரினா இருந்திருந்தால் இதற்கு எத்தனை போட்டிருப்பா என்றுதான் யோசித்தார். பத்து வந்திருக்கும். பன்னிரண்டை அவ இலேசில் கொடுக்கிற ஆள் இல்லை. அதுவும் நேரம் பிந்திச் செய்த காரியத்துக்கு.

மூன்று மணிக்கு மண்டபத்தில் சனம் பாதி போய்விட்டது. அலுமினியத் தட்டுகளில் மிஞ்சின சோற்றை ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூலை மேசையில் மெலனி போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். லக்சம்பேர்க்கின் முறை வந்தது, பாட்டுப் போனது. அமிர்தநாதருக்குப் பாட்டு நல்லதோ கூடாதோ தெரியவில்லை.

"அப்பா, வோட் பண்ணலாம். போட்டியிலை இல்லாத நாட்டிலை இருக்கிறவையும் இப்ப போடலாம். ட்வென்ரி ரைம்ஸ்."

அவருக்கு நினைவு வந்தது. போன வருசமே கிறிஸ்ரினா இதைச் சொன்னவ. அந்தந்த நாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் நாட்டுக்குப் போட ஏலாது. "நான் அங்கையே இருந்திருந்தா லக்சம்பேர்க்குக்குப் போடேலாதப்பா. விட்டிட்டு வந்தபடியாத்தான் போடலாம்" என்று சொல்லிச் சிரித்தவ. அவர் அப்போது பேப்பர் பார்த்துக்கொண்டு ம் போட்டவர்.

இருபதையும் போட்டார். விரலால் அமத்தி அமத்தி, துண்டு ஒட்டின மாதிரியே.

லக்சம்பேர்க் பதின்மூன்றாவதாக வந்தது. வீட்டுக்கு வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல், கொப்பியை எடுத்துக் குசினி மேசையில் விரித்தார். 2024 என்ற அவவின் எழுத்துக்குப் பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் 'வந்தது. 13' என்று எழுதினார். மேலே 1990க்கும் அதே பதின்மூன்றுதான் இருந்தது. அதைக் கிறிஸ்ரினாவுக்குக் காட்டவேணும் என்று நினைத்து, "இஞ்சாரும், இதைப் பாருமன்" என்றார்.

மெலனி வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அமிர்தநாதர் கொப்பியைப் பார்த்தார். முப்பது வரியிலும் ஒரே சொல்தான், வரேல்லை. அன்றைக்குத்தான் அந்தச் சொல் என்ன சொல்லென்று அவருக்கு விளங்கியது. மெலனி ஓடிவந்து பிடித்தபோது மனுசன் மேசையில் தலையை வைத்து, வாய் விட்டு அழுதுகொண்டிருந்தார். அவள் கேத்திலைப் போட்டாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணிதான் ஊற்றினாள்.